ஓனரே வந்தாலும் உள்ளே விடாத கம்ப்யூட்டர்

வீட்டுக் கம்ப்யூட்டர் கொடுக்கும் தொல்லைகளில் மனுஷனுக்கு உண்மையிலேயே கோபம் வரவழைப்பது எது என்று கேட்டால், அது மெதுவாக ஓடுவதையோ நேரம் கெட்ட நேரத்தில் அப்டேட் ஆவதையோ சொல்ல மாட்டேன். காசு கொடுத்து வாங்கியது நாம். கரண்ட் பில் கட்டுவது நாம். போட்டோ எடுத்ததும் நாம்தான். அந்த போட்டோ இருக்கிற ஃபோல்டரைத் திறக்கப் போனால், "இதைத் திறக்க உங்களுக்கு அனுமதி இல்லை" என்று ஒரு பெட்டி வந்து நிற்கும் பாருங்கள், அதற்கு வரும் கோபமே தனி.

சொந்தபந்தத்தில் யார் வீட்டுக் கம்ப்யூட்டர் மக்கர் பண்ணினாலும் போன் எனக்குத்தான் வரும். "பிரிண்டர் வேலை செய்யல", "நெட் வரல" இதெல்லாம் அன்றாடம். ஆனால் இந்த அனுமதிப் பிரச்சினைக்காகக் கூப்பிடுபவர்கள் குரலில் மட்டும் ஓர் அவமானம் கலந்திருக்கும். மாமா ஒருவர் கேட்டது இது: "மாப்ளே, நான்தானே இதுக்கு அட்மின்? என்னையே உள்ள விட மாட்டேங்குதே, இது யாரு வீட்டுக் கம்ப்யூட்டரு?"

அவர் விஷயம் இந்த வகையிலேயே மிகச் சாதாரணமானது. பழைய டெஸ்க்டாப்பின் மதர்போர்டு போய்விட்டது. ஹார்ட் டிஸ்க் நன்றாக இருந்ததால், கடைக்காரர் அதைக் கழற்றி ஒரு யூஎஸ்பி பெட்டிக்குள் போட்டு, புது லேப்டாப்பில் செருகிக் கொடுத்துவிட்டார். பாட்டு, படம் எல்லாம் திறக்கிறது. ஆனால் 'யூசர்ஸ்' ஃபோல்டருக்குள் தன் பெயரில் இருக்கும் ஃபோல்டரைத் தொட்டால் மட்டும் "நோ" என்கிறது. மகள் கல்யாண போட்டோ முழுக்க அதில்தான். "அதுலயும் என் பேருதான் போட்டிருக்கேன், இதுலயும் அதே பேருதான். பாஸ்வேர்டு கூட அதேதான் மாப்ளே!"

பேர் ஒன்றாக இருந்து என்ன பயன்? விண்டோஸ் நம்மைப் பேர் வைத்து அடையாளம் வைத்துக்கொள்வதே இல்லை. ஒரு தெருவில் நான்கு செல்வி இருந்தால் ரேஷன் கடைக்காரர் கார்டு எண்ணைப் பார்த்துத்தானே அரிசி அளப்பார்? அதே கதைதான். அக்கவுண்ட் ஒன்றை உருவாக்கிய நொடியில் விண்டோஸ் அதற்கு நீளமாக ஓர் அடையாள எண் ஒதுக்குகிறது. எஸ்ஐடி என்பார்கள். எஸ்-1-5-21 என்று ஆரம்பிக்கும். நடுவில் அந்தக் கம்ப்யூட்டருக்கே உரிய மூன்று பெரிய எண்கள். கடைசியில் ஆளுக்கு ஆள் மாறும் சின்ன எண். விண்டோஸ் தானே வைத்திருக்கும் அட்மினிஸ்ட்ரேட்டர் அக்கவுண்டுக்குக் கடைசி எண் எப்போதும் 500, கெஸ்ட் அக்கவுண்டுக்கு 501. நாம் உருவாக்கும் அக்கவுண்டுகள் ஆயிரத்துக்கு மேலே போகும். கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து 'ஹூஆம்ஐ' கட்டளையோடு 'யூசர்' என்ற ஸ்விட்சைச் சேர்த்து அடித்தால் உங்கள் எண் தெரியும்.

ஃபோல்டரில் யார் யாருக்கு என்ன உரிமை என்ற பட்டியல் இருக்கிறதே, அதில் எழுதி வைத்திருப்பது இந்த எண்தான். திரையில் பெயர் தெரிவது நம் வசதிக்காக அப்போதைக்கு அப்போது மொழிபெயர்த்துக் காட்டுவது. பழைய டிஸ்க்கின் பட்டியலில் மாமாவின் பழைய எண் இருக்கிறது. புது லேப்டாப்பில் அதே பெயரில் அவர் அக்கவுண்ட் ஆரம்பித்தபோது கிடைத்தது வேறு எண். கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை இவர் வேறு ஆள். புது மெஷின்கூட வேண்டாம், ஒரே கம்ப்யூட்டரில் ஓர் அக்கவுண்டை அழித்துவிட்டு அதே பெயரில் மறுபடி உருவாக்கினாலும் இதே கதிதான்.

இதைக் கண்ணால் பார்க்கலாம். திறக்காத ஃபோல்டரில் வலது கிளிக், 'ப்ராப்பர்டீஸ்', அதில் 'செக்யூரிட்டி'. பட்டியலில் 'அக்கவுண்ட் அன்னோன்' என்று போட்டு, பக்கத்தில் அந்த எஸ்-1-5-21 எண் வரிசை முழுதாக நிற்கும். பெயருக்குப் பதில் எண் தெரிகிறதென்றால், அந்த எண்ணுக்குச் சொந்தக்காரர் இந்தக் கம்ப்யூட்டரில் இல்லை என்று அர்த்தம். இந்த ஒரு வரியைப் பார்த்தாலே பாதி நோய் தெரிந்துவிடும். வைரஸும் இல்லை, டிஸ்க்கும் போகவில்லை. எண் பொருந்தவில்லை, அவ்வளவுதான்.

"அந்தக் காலத்துல இப்படியெல்லாம் இல்லையே?" என்று மாமா கேட்டதும் நியாயம்தான். விண்டோஸ் 95, 98 காலத்தில் வீட்டு டிஸ்க்குகள் எஃப்ஏடி என்ற முறையில் இருந்தன. அதில் ஃபைலுக்கு ஓனர் என்ற பேச்சே கிடையாது, கையில் கிடைத்தவர் திறக்கலாம். உரிமைப் பட்டியலோடு கூடிய என்டிஎஃப்எஸ் முறை 1993இல் விண்டோஸ் என்டியோடு வந்தது, ஆபீஸ்களுக்காக. 2001இல் வந்த எக்ஸ்பிதான் அந்த ஆபீஸ் சமாச்சாரத்தை வீட்டுக்குள் கொண்டுவந்தது. ஆனாலும் எக்ஸ்பியில் வீட்டில் இருந்த எல்லோரும் அட்மினாகவே உலாவியதால் யாருக்கும் உறைக்கவில்லை. எக்ஸ்பி ஹோம் பதிப்பில் அந்த செக்யூரிட்டி பக்கத்தையே மறைத்து வைத்திருந்தார்கள், சேஃப் மோடில் போனால்தான் தெரியும். 2007இல் விஸ்டா வந்து, எதைத் தொட்டாலும் "நிச்சயமாகவா?" என்று கேட்க ஆரம்பித்தபோதுதான் வீட்டுக்கு வீடு முணுமுணுப்பு எழுந்தது.

மாமாவின் "நான்தானே அட்மின்" என்ற கேள்விக்குப் பதிலும் அந்த விஸ்டாவில்தான் இருக்கிறது. அன்றிலிருந்து, அட்மின் உரிமை உள்ளவர் லாகின் செய்தால் விண்டோஸ் அவருக்கு இரண்டு அடையாளச் சீட்டு தயாரிக்கிறது. ஒன்றில் முழு உரிமை. இன்னொன்றில் அட்மின் உரிமையைப் பிடுங்கிவிட்டு, சாதாரண ஆளாக்கி வைத்திருக்கும். நாம் அன்றாடம் திறக்கும் எல்லாமே இரண்டாவது சீட்டில்தான் ஓடுகின்றன. திரை மங்கி "யெஸ்" கேட்கும் நேரத்தில் மட்டும் முதல் சீட்டு வெளியே வரும். ஆக, அட்மினாக லாகின் செய்திருந்தாலும் நீங்கள் பெரும்பாலான நேரம் அட்மின் இல்லை. எரிச்சலாக இருந்தாலும் நல்ல ஏற்பாடு இது. மெயிலில் வந்த ஏதோ ஒரு அட்டாச்மென்டைத் தெரியாமல் திறந்தால், அதுவும் அந்தச் சாதாரண சீட்டில்தானே ஓடும்.

மாமாவின் போட்டோவுக்கு வருவோம். அந்தப் பெட்டியில் 'கண்டினியூ' என்று ஒரு பட்டன் இருக்கும். பயந்துகொண்டு பலர் அமுக்குவதில்லை. அமுக்கினால் அநேகமாகத் திறந்துவிடும். காரணம், பயனர் ஃபோல்டரின் பட்டியலில் பழைய ஆளோடு கூட 'அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ்' என்ற குழுவும் இருக்கும். ஆளுடைய எண்தான் மெஷினுக்கு மெஷின் மாறும். இந்தக் குழுவின் எண் உலகத்தில் எல்லா விண்டோஸிலும் ஒன்றே, எஸ்-1-5-32-544. அதனால் முழு உரிமைச் சீட்டோடு போனால் உள்ளே போகலாம். ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும்: கண்டினியூ என்பது ஒருமுறை எட்டிப் பார்க்கும் அனுமதி இல்லை. உங்கள் அக்கவுண்டை அந்தப் பட்டியலில் நிரந்தரமாக எழுதிவிடுகிறது. அமுக்கியதும் மேலே ஓடும் பச்சைக் கோடு ஆமை வேகத்தில் நகர்வதும் அதனால்தான், உள்ளே இருக்கும் ஒவ்வொரு ஃபைலிலும் எழுதிக்கொண்டு போகிறது. பொறுமையாக இருங்கள், பாதியில் பிடுங்கிவிடாதீர்கள். உங்கள் பழைய டிஸ்க் என்றால் கவலை இல்லை. வீட்டில் இன்னொருவருடைய ஃபோல்டர் என்றால், அமுக்குவதற்கு முன் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது மரியாதை.

கண்டினியூவும் கைகொடுக்காவிட்டால், ஃபோல்டரின் ஓனரையே மாற்ற வேண்டும். செக்யூரிட்டி பக்கத்தில் 'அட்வான்ஸ்டு', அங்கே மேலே ஓனர் பெயருக்குப் பக்கத்தில் 'சேஞ்ச்'. உங்கள் பெயரைக் கொடுத்து, கீழே உள்ளே இருப்பவற்றுக்கும் ஓனரை மாற்று என்ற சின்னக் கட்டத்தை டிக் செய்து, ஓகே. இங்கேதான் நிறைய பேர் நின்றுவிட்டு "ஓனர் ஆயிட்டேன், இன்னும் திறக்கல" என்பார்கள். ஓனர் என்றால் பட்டியலைத் திருத்தும் அதிகாரம் உள்ளவர், அவ்வளவுதான். பட்டியலில் பெயர் இல்லாத ஓனருக்கும் ஃபைல் திறக்காது. அதனால் ஜன்னலை மூடித் திறந்து, இரண்டாவது வேலையாக 'ஆட்' போட்டு உங்கள் பெயருக்கு உரிமை எழுத வேண்டும். கட்டளைப் பழக்கம் உள்ளவர்களுக்கு முதல் வேலைக்கு 'டேக்ஓன்', இரண்டாவதுக்கு 'ஐகேக்ல்ஸ்' என்று இரண்டு கருவிகள் உண்டு. ஆயிரக்கணக்கில் ஃபைல் இருந்தால் அவைதான் வசதி.

இதைவிடச் சுருக்கமான வழி ஒன்று சொல்கிறேன். திறந்தவுடன் போட்டோக்களைப் புது லேப்டாப்பில் உங்கள் 'பிக்சர்ஸ்' ஃபோல்டருக்குள் காப்பி செய்துவிடுங்கள். காப்பி ஆகும் ஃபைல், போய்ச் சேரும் ஃபோல்டரின் உரிமைகளை எடுத்துக்கொள்ளும். பழைய எண், பழைய பட்டியல் எல்லாம் பழைய டிஸ்க்கோடு நின்றுவிடும். பென் டிரைவில் இந்தத் தொல்லையே வராததற்கும் காரணம் இருக்கிறது. அவை பெரும்பாலும் எஃப்ஏடி32 அல்லது எக்ஸ்ஃபேட் முறையில் இருப்பவை, உரிமைப் பட்டியல் எழுத அதில் இடமே இல்லை.

காப்பி வேறு, கட் வேறு என்பதும் இங்கே முக்கியம். அண்ணன் தன் டாக்குமென்ட்ஸில் இருந்த குடும்பக் கணக்கு ஃபைலை 'கட்' செய்து, எல்லோருக்கும் பொதுவான 'பப்ளிக்' ஃபோல்டரில் ஒட்டுகிறார். தங்கை தன் லாகினில் வந்து பார்க்கிறாள், ஃபைல் பெயர் தெரிகிறது, திறக்கவில்லை. "எனக்கு மட்டும் காட்டக்கூடாதுன்னு பூட்டி வெச்சிருக்கியா?" என்று வீட்டில் ஒரு பஞ்சாயத்து. அண்ணன் பாவம், ஒன்றும் செய்யவில்லை. இரண்டு ஃபோல்டரும் ஒரே சி டிரைவில் இருந்தால், கட் செய்து ஒட்டுவது ஃபைலை நகர்த்துவதுதான், அதன் பழைய உரிமைகள் அப்படியே ஒட்டிக்கொண்டு போகும். டி டிரைவுக்கு நகர்த்தியிருந்தால் இந்தச் சண்டை வந்திருக்காது, ஏனென்றால் டிரைவ் மாறும்போது அது உள்ளுக்குள் காப்பிதான். பொதுவில் வைக்க வேண்டியதைக் காப்பி செய்து வைத்துவிட்டு, பழையதை அழிப்பது உத்தமம்.

இவ்வளவு சொன்னாலும், வரும் எல்லா "அனுமதி இல்லை"யும் உரிமைப் பட்டியல் சம்பந்தப்பட்டதல்ல. ஓனரை மாற்றக் கிளம்புவதற்கு முன்னால் நோய் அதுதானா என்று பார்க்க வேண்டும். பெட்டியில் ஏதாவது எண் இருந்தால் முதலில் அதைப் பாருங்கள். 80070005 என்று முடிந்தால், அந்தக் கடைசி 5தான் விஷயம். விண்டோஸில் பிழை எண் 5 என்றால் அனுமதி மறுப்பு. 80070020 என்று முடிந்தால், பதினாறு அடிமானக் கணக்கில் எழுதிய அந்த 20 நம் கணக்கில் பிழை எண் 32, அதாவது வேறு ஏதோ புரோகிராம் அந்த ஃபைலைத் திறந்து வைத்திருக்கிறது. இரண்டாவதற்கு ஓனரை மாற்றி ஒரு பயனும் இல்லை. எக்செல்லை மூடுங்கள், முடியாவிட்டால் ரீஸ்டார்ட் செய்யுங்கள், தீர்ந்தது.

ப்ராப்பர்டீஸில் 'ரீட்-ஒன்லி' என்று ஒரு கட்டம், அதில் டிக் இல்லாமல் ஒரு சதுரம் இருக்கும். நிறைய பேர் அதை எடுப்பதும், ஓகே கொடுப்பதும், மறுபடி திறந்து பார்த்தால் அது திரும்ப வந்திருப்பதும், மறுபடி எடுப்பதுமாக ஒரு சாயங்காலமே போயிருக்கும். ஏறக்குறைய எல்லா ஃபோல்டரிலும் அது அப்படித்தான் தெரியும். உரிமைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, விட்டுவிடுங்கள்.

இன்னொன்று ரொம்ப நூதனமானது. போட்டோ எடிட் செய்யும் புரோகிராம் ஒன்று, பிக்சர்ஸ் ஃபோல்டரில் சேமிக்கப் போனால் மட்டும் ஏதேதோ பிழை சொல்லும். உரிமைப் பட்டியலைப் பார்த்தால் எல்லாம் சரியாக இருக்கும். அப்படியானால் விண்டோஸ் செக்யூரிட்டிக்குள் போய் ரேன்சம்வேர் பாதுகாப்புப் பகுதியில் 'கன்ட்ரோல்டு ஃபோல்டர் ஆக்சஸ்' ஆன் ஆகியிருக்கிறதா பாருங்கள். 2017 கடைசியில் விண்டோஸ் 10க்கு வந்த வசதி இது. இங்கே தடை உங்களுக்கு இல்லை, அந்தப் புரோகிராமுக்கு. நம்பகமான புரோகிராம் என்றால் அதை மட்டும் அனுமதிப் பட்டியலில் சேர்த்தால் போதும், வசதியையே அணைத்துவிட வேண்டியதில்லை.

நான் பார்த்ததிலேயே சுவாரஸ்யமானது அத்தை வீட்டு விவகாரம். வீட்டிலிருந்தே புடவை வியாபாரம். ஏதோ ஒரு காலத்துப் பில்லிங் சாஃப்ட்வேர். அத்தை ஒரு லாகினிலும் மருமகள் ஒரு லாகினிலும் பில் போடுவார்கள். ஒருவர் போட்ட பில் மற்றவருக்குத் தெரிவதில்லை. "நான் நேத்து போட்டேனே!" "எங்க அத்தை, ஒண்ணுமே காணோமே?" சாஃப்ட்வேர் விற்றவரைக் கேட்டதற்கு, ஐகானில் வலது கிளிக் செய்து 'ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்' கொடுங்கள் என்று சொல்லியிருக்கிறார். கொடுத்தார்கள். இப்போது இரண்டு பேர் பில்லையுமே காணோம், என்றைக்கோ இன்ஸ்டால் செய்த நாளில் போட்ட சோதனை பில் மட்டும் தெரிகிறது!

ஃபைல் எதுவும் தொலையவில்லை. பழைய புரோகிராம்கள் தங்கள் கணக்கை 'புரோகிராம் ஃபைல்ஸ்' ஃபோல்டருக்குள்ளேயே எழுதும் பழக்கம் உள்ளவை. விஸ்டாவுக்குப் பிறகு அங்கே சாதாரண சீட்டோடு எழுத முடியாது. எழுத முடியாது என்று சொன்னால் பழைய புரோகிராம் எல்லாம் படுத்துவிடும் என்று, மைக்ரோசாஃப்ட் ஒரு ஒட்டுவேலை செய்து வைத்தது. எழுதியது போலவே புரோகிராமை நம்ப வைத்துவிட்டு, உண்மையில் அதை அந்தந்த ஆளின் 'ஆப்டேட்டா' ஃபோல்டருக்குள், 'லோக்கல்' என்பதில், 'வர்ச்சுவல்ஸ்டோர்' என்ற இடத்தில் போட்டு வைக்கும். அத்தை பில் அத்தையின் வர்ச்சுவல்ஸ்டோரில், மருமகள் பில் மருமகளுடையதில். அட்மினாக ஓட்டினால் இந்த ஒட்டுவேலை நின்றுவிடும், உண்மையான இடத்தில் இருக்கும் பழைய ஃபைல்தான் தெரியும். ஆக மூன்று கணக்குப் புத்தகம், மூன்றும் பத்திரம். மூன்றையும் முதலில் வேறு இடத்தில் காப்பி எடுத்து வைத்துவிட்டு, டேட்டா ஃபோல்டரை டி டிரைவில் பொதுவான ஓர் இடத்துக்கு மாற்றி, சாஃப்ட்வேரின் செட்டிங்கில் அந்த இடத்தைக் காட்டி, மருமகள் பில்களை உட்கார்ந்து திரும்பப் போட்டார்கள். அப்படி இடம் மாற்ற முடியாத சாஃப்ட்வேர் என்றால், அந்த ஒரு ஃபோல்டருக்கு மட்டும் 'யூசர்ஸ்' குழுவுக்கு 'மாடிஃபை' உரிமை கொடுக்கலாம். அந்த ஒன்றுக்கு மட்டும் என்பதை அடிக்கோடிட்டுச் சொல்கிறேன்.

எந்த ஃபைலில் முட்டுகிறது என்றே தெரியாவிட்டால் 'பிராசஸ் மானிட்டர்' என்று ஓர் இலவசக் கருவி இருக்கிறது. சிஸ்இன்டர்னல்ஸ் தொகுப்பில் ஒன்று. மார்க் ருசினோவிச்சும் கூட்டாளியும் சேர்ந்து ஆரம்பித்த அந்த நிறுவனத்தை 2006இல் மைக்ரோசாஃப்ட்டே வாங்கிக்கொண்டது. ஓட்டினால் கண்ணைக் கட்டும் அளவுக்கு வரிகள் ஓடும். ஃபில்டரில், முடிவு 'ஆக்சஸ் டினைடு' என்று வருவதை மட்டும் காட்டு என்று கொடுத்துவிட்டால், மிச்சம் நிற்கும் சில வரிகளில் எந்தப் புரோகிராம் எந்த ஃபைலில் மாட்டுகிறது என்பது முழு முகவரியோடு இருக்கும். ஊகித்து ஊகித்து பத்து இடத்தில் உரிமையை மாற்றுவதைவிட இது எவ்வளவோ மேல்.

ஏனென்றால் இணையத்தில் தேடினால் முதலில் கிடைக்கும் அறிவுரைகள் மூன்று, மூன்றும் ஆபத்து. 'எவ்ரிஒன்' என்பவருக்கு 'ஃபுல் கன்ட்ரோல்' கொடு. திரை மங்கி "யெஸ்" கேட்கும் அந்த யூஏசியை அணை. மறைந்திருக்கும் அந்த 500ஆம் எண் அட்மினிஸ்ட்ரேட்டரை எழுப்பி அதிலேயே வேலை செய். மூன்றும் உடனே பலன் தரும், மறுப்பதற்கில்லை. தலைவலி போகும். ஆனால் அதற்குப் பிறகு அந்தக் கம்ப்யூட்டரில் எந்த ஒரு கண்ட புரோகிராமும் கேள்வி கேட்பாரின்றி எதையும் எழுதலாம், அழிக்கலாம். ரேன்சம்வேர் நுழைந்தால் வீட்டில் ஒருவருடைய ஃபைலோடு நிற்காது, எல்லோருடையதையும் சேர்த்து முடித்துவிடும்.

இதைவிட மோசம், ஒரு ஃபோல்டர் திறக்கவில்லை என்று மொத்த சி டிரைவுக்கும் ஓனரை மாற்றுவது. சி டிரைவில் விண்டோஸுக்கான ஃபைல்களுக்கு ஓனர் 'டிரஸ்டட்இன்ஸ்டாலர்' என்ற ஒரு சர்வீஸ். அட்மினுக்கே அவற்றை மாற்ற உரிமை கிடையாது, வேண்டுமென்றே அப்படி வைத்திருக்கிறார்கள். அதைப் பிடுங்கினால் சிலநாள் ஓடும், பிறகு அப்டேட் ஏறாது, ஸ்டோர் ஆப் திறக்காது, எது எதனால் என்று யாராலும் சொல்ல முடியாது. பழைய ஃபைலை மீட்கிறேன் என்று 'டாக்குமென்ட்ஸ் அண்ட் செட்டிங்ஸ்' ஃபோல்டரோடு மல்லுக்கட்டுபவர்களும் உண்டு. சி டிரைவில் மங்கலாகத் தெரியும் அது ஃபோல்டரே இல்லை. பழைய புரோகிராம்களை 'யூசர்ஸ்' பக்கம் திருப்பிவிடும் வெறும் சுட்டி. யாரும் உள்ளே பார்க்கக் கூடாதென்று அதில் தடை எழுதியே வைத்திருக்கிறார்கள். அதற்குள் உங்கள் ஃபைல் எதுவும் இல்லை, விட்டுவிடுங்கள்.

லினக்ஸ் வைத்திருக்கும் நண்பர்கள் இதைப் படித்துச் சிரிப்பார்கள் என்று தெரியும். அங்கேயும் எண்தான் ராஜா. உபுன்டுவில் முதலில் உருவாகும் பயனருக்கு எண் 1000. எல்லார் வீட்டிலும் 1000தான். அதனால் உங்கள் பழைய இஎக்ஸ்டி4 டிஸ்க்கைப் புது உபுன்டுவில் செருகினால் மறுபேச்சில்லாமல் திறக்கும். பக்கத்து வீட்டுக்காரர் டிஸ்க்கும் அதே மாதிரி திறக்கும் என்பதுதான் வேடிக்கை! வீட்டில் இரண்டாவதாகச் சேர்ந்தவர் 1001. புது மெஷினில் அக்கவுண்டுகளை வேறு வரிசையில் உருவாக்கினால் அண்ணன் ஃபைல் தம்பிக்கும், தம்பி ஃபைல் அண்ணனுக்கும் போய்விடும். விண்டோஸும் லினக்ஸும் சேர்த்து வைத்திருக்கும் மெஷினில், லினக்ஸ் பக்கமிருந்து விண்டோஸ் டிரைவில் எழுத முடியவில்லை என்றால் உரிமையைத் தேடி அலையாதீர்கள். விண்டோஸில் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' ஆன் ஆகியிருக்கும். ஷட்டவுன் கொடுத்தாலும் அது பாதித் தூக்கத்தில்தான் இருக்கும், லினக்ஸ் அந்த டிரைவைப் படிக்க மட்டும் திறக்கும். அதை அணைத்தால் சரியாகிவிடும்.

சரி, வீட்டுக் கம்ப்யூட்டரை எப்படித்தான் வைத்துக்கொள்வது? என் கருத்து இது. ஒரு அட்மின் அக்கவுண்ட், அதில் யாரும் தினசரி வேலை செய்யக் கூடாது. அப்பா உட்பட ஆளுக்கு ஒரு சாதாரண அக்கவுண்ட். ஏதாவது இன்ஸ்டால் செய்யும்போது அட்மின் பாஸ்வேர்டு கேட்கும், அப்போது கொடுத்தால் போதும். அப்பாக்களுக்கு மட்டும் இதில் கௌரவக் குறைச்சல் வந்துவிடுகிறது, என்ன செய்ய.

ஓனரை மாற்றினாலும் திறக்காத ஃபைல் ஒரு வகை உண்டு. விண்டோஸ் புரோ பதிப்பில் ஃபைலை என்கிரிப்ட் செய்யும் வசதி இருக்கிறது, அப்படிச் செய்த ஃபைலின் ஐகானில் சின்னப் பூட்டு தெரியும். அங்கே ஃபைலின் உள்ளடக்கமே சங்கேதமாகிவிட்டது. அதைத் திறக்கும் சாவி பழைய அக்கவுண்டோடு இருக்கிறது. அந்த அக்கவுண்டை அழித்தாலோ, அட்மின் உள்ளே புகுந்து பாஸ்வேர்டை வலுக்கட்டாயமாக மாற்றினாலோ அந்த ஃபைலை மறந்துவிட வேண்டியதுதான். பையன் பாஸ்வேர்டு மறந்துவிட்டான் என்று அவசரப்பட்டு ரீசெட் செய்யும் அப்பாக்கள், அப்போது வரும் எச்சரிக்கையை ஒருமுறை படித்துவிட்டுச் செய்யுங்கள்.

முழு டிரைவையும் என்கிரிப்ட் செய்வது இப்போது ஹோம் பதிப்பிலும் சத்தமில்லாமல் வந்துவிட்டது. விண்டோஸ் 11இன் 2024 பதிப்பைப் புதிதாக இன்ஸ்டால் செய்து மைக்ரோசாஃப்ட் அக்கவுண்டில் நுழைந்தால் பெரும்பாலான லேப்டாப்புகளில் அது தானாகவே ஆன் ஆகிவிடுகிறது. நாளைக்கு உங்கள் லேப்டாப் செத்து, டிஸ்க்கைக் கழற்றி வேறு மெஷினில் செருகினால், மாமாவுக்கு நடந்தது போல கண்டினியூ பட்டனெல்லாம் வராது. 48 இலக்க ரெகவரி கீ கேட்கும். அது இல்லையென்றால் எந்தக் கடைக்காரராலும் ஒன்றும் செய்ய முடியாது. அந்த கீ உங்கள் மைக்ரோசாஃப்ட் அக்கவுண்டில் இருக்கும். இன்றைக்கே லாகின் செய்து பாருங்கள், ஒரு தாளில் எழுதி பீரோவில் வையுங்கள். எந்த மெயில் ஐடியில் அந்த அக்கவுண்ட் என்பதையும் சேர்த்து எழுதிவிடுங்கள், போன் செய்கிறவர்களில் பாதிப் பேருக்கு அதுதான் தெரிவதில்லை.